கஷ்ட காலத்தில் முறையிட்டு ஜெபிப்பது எப்படி: மலையகத்தில் புதிதாக விசுவாசத்துக்கு வந்தவர்களுக்கு

இலங்கை மலையகத்தில், தேயிலைத் தோட்டங்களில், புதிதாக விசுவாசத்துக்கு வந்தவர்களைத் தடுமாற வைப்பது பெரும்பாலும் வேதத்தின் கடினமான வசனங்கள் அல்ல. சுகவீனம், கடன், வேலை நாள் குறைவு, வீட்டில் குடி, மழை வந்தால் மண்சரிவுப் பயம் என்று எல்லாமே ஞானஸ்நானம் எடுத்த பிறகும் அப்படியே இருப்பதுதான். "இயேசுவிடம் வா, எல்லாம் சரியாகிவிடும்" என்று யாராவது சொல்லிக் கூட்டிக்கொண்டு வந்திருப்பார்கள். சரியாகாதபோது இரண்டு பக்கத்திலிருந்தும் பேச்சு வரும். வீட்டுப் பெரியவர்கள் "குலசாமியை விட்டதால் வந்த வினை" என்பார்கள். சபையில் சிலர் "உனக்கு விசுவாசம் போதவில்லை" என்பார்கள். இரண்டுக்கும் நடுவில் அகப்பட்டவர், ஞாயிற்றுக்கிழமை சிரித்த முகத்தோடு வந்து, ஒன்றும் பேசாமல் திரும்பிப் போகப் பழகிக்கொள்கிறார். கொஞ்ச காலத்தில் வருவதையும் நிறுத்திவிடுகிறார்.

வேதம் காட்டும் வழி வேறு. 150 சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு முறையிடும் ஜெபங்கள். "ஏன்?", "எதுவரைக்கும்?" என்று தேவனையே கேட்கும் ஜெபங்கள். அவற்றை வேதத்திலிருந்து யாரும் நீக்கவில்லை. இஸ்ரவேலரும் சபையும் தலைமுறை தலைமுறையாக அவற்றைப் பாடி வந்திருக்கிறார்கள். இயேசு சிலுவையில் கூப்பிட்ட "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்" என்ற வார்த்தை 22ஆம் சங்கீதத்தின் முதல் வரி. துன்பத்தில் தேவனை நம்புவது என்றால் துன்பமே இல்லாததுபோல் நடப்பது என்று யாராவது உங்களுக்குச் சொல்லித் தந்திருந்தால், அதை இன்றோடு விட்டுவிடுங்கள். முறையிடத் தெரிந்துகொள்வதுதான் புதிய விசுவாசிக்கு முதலில் வேண்டியது. அதற்கு ஒரு முறை இருக்கிறது, பழகினால் வரும்.

ஜெபத்துக்கு முன்: சாப்பாடும் தூக்கமும்

எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் படுத்துக்கொண்டு "போதும், என்னைச் சாகவிடும்" என்று கேட்ட பகுதி 1 இராஜாக்கள் 19இல் இருக்கிறது. தேவதூதன் அவருக்குப் பிரசங்கம் செய்யவில்லை. தணலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான், தூங்க விட்டான், மறுபடியும் எழுப்பிச் சாப்பிட வைத்தான். தேவன் எலியாவோடு பேசுவது அதற்குப் பிறகுதான்.

ஆகவே மூன்று நாள் சரியாகச் சாப்பிடாதவர், இரவெல்லாம் பிள்ளையின் காய்ச்சலோடு விழித்திருந்தவர், அந்த நிலையில் உபவாச ஜெபம் தொடங்க வேண்டாம். உபவாசம் நல்லது, ஆனால் உடல் உடைந்திருக்கும்போது அது ஜெபத்துக்கு உதவாது, மயக்கத்தைத்தான் கொண்டுவரும். சீனி வருத்தம், பிரஷர் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மாரும் வைத்தியரைக் கேட்காமல் உபவாசம் இருக்கவே கூடாது. காலையில் வெறும் சாயத்தண்ணியோடு கொழுந்து எடுக்க மலைக்குப் போகிறவர்கள் இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்.

கஷ்டத்தைப் பிரித்து எழுதுங்கள்

ஒரு 80 பக்க அப்பியாசக் கொப்பி வாங்குங்கள். முதல் பக்கத்தை மேலிருந்து கீழாகக் கோடு போட்டு மூன்றாகப் பிரியுங்கள். முதல் பகுதியில் நீங்களே செய்யக்கூடியது. இரண்டாவதில் மற்றவரிடம் கேட்க வேண்டியது. மூன்றாவதில் மனிதர் கையில் இல்லாதது.

உதாரணத்துக்கு, மகனுக்கு வலிப்பு வருகிறது. கிளினிக் நாளுக்குத் தவறாமல் கூட்டிக்கொண்டு போவதும் மருந்து நேரத்தைப் பார்ப்பதும் முதல் பகுதி. அந்த நாளுக்கு லீவு கேட்பதும், மற்றப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளப் பக்கத்துக் காம்பரா அக்காவைக் கேட்பதும் இரண்டாவது. வலிப்பு நிற்குமா, அவன் எதிர்காலம் எப்படி என்பது மூன்றாவது.

இப்படிப் பிரிக்காவிட்டால் என்ன ஆகும்? எல்லாம் ஒரே மூட்டையாகத் தேவனுடைய தலையில் போகும். கிளினிக்குக்குப் போக வேண்டிய நாள் ஜெபத்திலேயே கழியும். அல்லது எல்லாமே நம் தலையில் விழும். மனிதரால் ஆகாததையும் நாமே சுமந்து இரவில் புரண்டுகொண்டிருப்போம். மூன்று பகுதிக்கும் ஜெபம் உண்டு. ஆனால் முதலாவதுக்குப் பலமும் ஒழுங்கும் கேட்கிறோம், இரண்டாவதுக்குத் தைரியமும் நல்ல ஆட்களும் கேட்கிறோம், மூன்றாவதை முறையிட்டுத் தேவனிடம் விடுகிறோம்.

13ஆம் சங்கீதத்தில் தொடங்குங்கள்

சிறியது, ஆறே வசனம். புதியவர்களுக்கு இதைவிட நல்ல தொடக்கம் இல்லை. கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தவர்கள் தங்கள் விவிலியத்தில் திருப்பாடல்கள் என்ற பகுதியில் அதே 13ஐப் பார்க்கலாம்.

முதல் இரண்டு வசனம் முறைப்பாடு. "எதுவரைக்கும்" என்ற கேள்வி நாலு தரம் வரும். முதலிரண்டு தரம் தேவனைப் பற்றி: மறந்துவிட்டீரோ, முகத்தை மறைத்துக்கொண்டீரோ. மூன்றாவது தரம் தன் மனதைப் பற்றி: நாள்தோறும் எனக்குள்ளேயே யோசித்து யோசித்து நோகிறேனே. நாலாவது தரம் எதிராளியைப் பற்றி. தேவன், தன் உள்ளம், வெளியாட்கள் என்று கஷ்டத்தின் மூன்று முகமும் அந்த இரண்டு வசனத்துக்குள் வந்துவிடுகின்றன. அடுத்த இரண்டு வசனம் வேண்டுதல்: பாரும், கேளும், என் கண்களைத் தெளிவாக்கும். கடைசி இரண்டு வசனம் நம்பிக்கை: உம்முடைய கிருபையின்மேல் நம்பிக்கையாயிருக்கிறேன், பாடுவேன்.

கவனியுங்கள்: நாலாம் வசனத்துக்கும் ஐந்தாம் வசனத்துக்கும் நடுவில் தாவீதின் நிலைமை மாறியதாக ஒரு சொல்லும் இல்லை. எதிராளி அங்கேயேதான் இருக்கிறான். பிரச்சினை தீர்ந்ததால் பாடிய பாட்டல்ல இது.

செய்யும் விதம் இப்படி. முதல் வாரம் முழுவதும், நாளைக்கு ஒரு தரம், சத்தமாக வாசியுங்கள். மனதுக்குள் வாசித்தால் கண் ஓடிவிடும், சொல் பதியாது. நாலு "எதுவரைக்கும்" வரும் இடத்திலும் ஒரு மூச்சு நிறுத்துங்கள். இரண்டாம் வாரம், ஒவ்வொரு நிறுத்தத்திலும் உங்கள் கஷ்டத்தில் ஒன்றைப் பெயர் சொல்லி வையுங்கள். மூன்றாம் வாரம் வரும்போது சங்கீதம் மனப்பாடமாகிவிடும்; புத்தகம் தேவைப்படாது. ஒரு தரத்துக்குப் பத்து நிமிடம் போதும். அரைமணி நேரம் செய்ய வேண்டும் என்று தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் முதல் வாரமே விட்டுவிடுகிறார்கள்.

இடம்தான் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், பெரிய சிக்கல். ஒரு காம்பரா, ஒரு அடுப்படி, ஒரு இஸ்தோப்பு. மெல்லிய சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த குடும்பம். "அறைக்குள் போய்க் கதவைப் பூட்டி ஜெபம்பண்ணு" என்ற மத்தேயு 6:6ஐ வாசித்துவிட்டு, தனக்கென்று அறை இல்லையே என்று கவலைப்படுகிறவர்கள் உண்டு. கவலை வேண்டாம். இயேசுவே பெரும்பாலும் மலையிலும் வனாந்தரத்திலும் போய்த்தான் ஜெபித்தார். பெரட்டுக்கு (காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் இடத்துக்கு) போகும் பாதை, தண்ணீர் பிடிக்கும் பீலியில் ஆள் குறைந்த நேரம், விறகுக்குப் போகும் வழி, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பிறகு அடுப்படி எல்லாம் நல்ல இடங்கள்தான். நிரையில் கொழுந்து எடுத்துக்கொண்டே முணுமுணுக்கலாம். மனப்பாடம் செய்யச் சொல்வது அதற்காகவும்தான். ஒரே நேரமாக வைத்துக்கொள்ளுங்கள். இரவு படுக்கும் நேரத்தை மட்டும் நம்ப வேண்டாம். அந்த நேரத்தில் உடம்பு தூக்கத்தைத்தான் கேட்கும்.

உங்கள் சொந்த முறைப்பாட்டை எழுதுங்கள்

நாலாம் வாரத்தில் இதற்கு வாருங்கள். நாலு பகுதி: கூப்பிடுதல், முறையிடுதல், கேட்டல், நம்பிக்கையைச் சொல்லுதல். அளவும் முக்கியம். கூப்பிடுதல் ஒரு வரி, முறைப்பாடு ஐந்தாறு வரி, கேட்டல் இரண்டு மூன்று வரி, நம்பிக்கை ஒரு வரி போதும். மாதிரிக்கு ஒன்று (பேர் என்றால் ஒரு நாள் வேலைக் கணக்கு, தவறணை என்றால் சாராயக் கடை):

"என் தேவனே, என் அப்பாவே. இந்த மாதம் கொழுந்து இல்லை. எனக்குப் பன்னிரண்டு பேர்தான் விழுந்திருக்கிறது, அதிலும் மூன்று அரைப்பேர். வியாழக்கிழமை குழுக் கடனுக்கு ஆள் வருவார், என்னிடம் காசு இல்லை. அவர் சத்தம் போட்டால் லயமே கேட்கும், எனக்கு வெட்கமாக இருக்கிறது. என் வீட்டுக்காரர் தவறணைக்குப் போனது உமக்குத் தெரியாதா? நீர் ஏன் பேசாமல் இருக்கிறீர்? வியாழக்கிழமை எனக்கு வாய் தாரும்; இன்னும் ஒரு வாரம் தவணை கிடைக்கச் செய்யும். என் வீட்டுக்காரர் மனதைத் திருப்பும். போன வருடம் பிள்ளை ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நீர் கூட இருந்தீர். அதை நான் மறக்கவில்லை. ஆமென்."

இதில் சில விஷயங்களைப் பாருங்கள். கணக்கு, நாள், ஆள், பயம் எல்லாம் வெளிப்படையாக இருக்கின்றன. "என் பாரங்களை நீக்கும் ஆண்டவரே" என்று பொதுவாகச் சொல்லிவிட்டால் அது எந்த நாளுக்கும் எந்த ஆளுக்கும் பொருந்தும், உங்களுக்குத்தான் பொருந்தாது. கேட்பதும் அளவாக இருக்கிறது: வியாழக்கிழமைக்கு வேண்டியது. "அந்தந்த நாளுக்கு அதினதின் பாடு போதும்" என்று மத்தேயு 6:34இல் இயேசு சொன்னதை ஜெபத்தில் கடைப்பிடிப்பது இப்படித்தான். கடைசி வரி வருங்காலத்தைப் பற்றி ஒரு வாக்கும் தரவில்லை; நடந்த ஒன்றை நினைவுகூருகிறது. நம்பிக்கை வரி எழுத வராதவர்களுக்கு இதுவே எளிய வழி: இனி நடக்கப்போவதைச் சொல்ல முடியாவிட்டால், முன்பு நடந்ததைச் சொல்லுங்கள்.

மூன்று இடத்தில் பிசகும். ஒன்று, முறைப்பாட்டைத் தாண்டி நேராக நம்பிக்கை வரிக்கு ஓடுவது. பக்தியாகத் தெரியும், ஆனால் உள்ளே இருந்த புகைச்சல் அப்படியே இருக்கும், பிறகு பிள்ளைகள்மேல் எரிந்து விழும். இரண்டு, முறைப்பாடு சாபமாக மாறுவது. கணக்கப்பிள்ளை, மாமியார், பக்கத்து வீடு என்று பெயர் பெயராக "அழித்துப்போடும்" என்று போக ஆரம்பித்தால் நிறுத்துங்கள். சங்கீதங்களில் கோபமான வரிகள் உண்டு. ஆனால் அங்கே பழிவாங்கும் வேலை தேவனிடம் ஒப்படைக்கப்படுகிறது. "எனக்கு அநியாயம் நடந்தது, நீரே நியாயம் செய்யும்" என்று சொல்லி அந்த இடத்தில் விடுங்கள். மூன்று, பேரம். "இதைச் செய்தால் இவ்வளவு காணிக்கை தருவேன்" என்று நேர்த்தி வைக்கும் பழக்கம் பலருக்குப் பழைய வழியிலிருந்து கூடவே வந்திருக்கும். கிருபை விலைக்கு வருவதில்லை. காணிக்கை நன்றிக்காகக் கொடுப்பது. பணம் கொடுத்தால்தான் உனக்கு விசேஷமாக ஜெபிப்பேன், சாபம் முறிப்பேன் என்று யாராவது சொன்னால், அவர் எவ்வளவு பேர்பெற்ற ஊழியராக இருந்தாலும் அங்கே போகாதீர்கள்.

நம்பிக்கை வரி வராவிட்டால்

88ஆம் சங்கீதத்தைத் திறந்து பாருங்கள். தொடக்கம் முதல் முடிவு வரை துக்கம். கடைசி வசனத்திலும் வெளிச்சம் இல்லை, நண்பர்கள் தூரமாகிப் போனார்கள் என்பதோடு நின்றுவிடுகிறது. ஆனால் அதன் முதல் வசனம் "என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே" என்று கூப்பிடுகிறது. கூப்பிட்டதே அங்கே விசுவாசம்.

சாவு வீட்டில், கருச்சிதைவுக்குப் பிறகு, மண்ணுக்குள் உறவினரைப் பறிகொடுத்த குடும்பங்களில், நம்பிக்கை வரியை யாரும் வற்புறுத்திச் சொல்ல வைக்க வேண்டாம். நாலாம் பகுதிக்கு உரிய இடத்தைக் கொப்பியில் வெறுமையாக விடுங்கள். ஒரு மாதமோ ஒரு வருடமோ ஆகட்டும். ஜெபிக்கவே சொல் வராத நாட்களுக்கு ரோமர் 8:26 இருக்கிறது: ஆவியானவர் வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு நமக்காக வேண்டுதல் செய்கிறார். அந்த நாட்களில் "கர்த்தாவே, இரங்கும்" என்ற இரண்டு சொல்லே முழு ஜெபம்.

இது எனக்கு வந்த தண்டனையா?

இந்தக் கேள்வி வராத ஆள் இல்லை. பிறவிக் குருடனைப் பார்த்து "இவன் செய்த பாவமா, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமா" என்று சீஷர்கள் கேட்டபோது இயேசு இரண்டும் இல்லை என்றார் (யோவான் 9:3). சீலோவாமில் கோபுரம் விழுந்து இறந்த 18 பேரும் மற்றவர்களைவிடப் பாவிகள் என்று நினைக்கிறீர்களா என்று கேட்டு, அப்படியல்ல என்று தாமே பதில் சொன்னார் (லூக்கா 13:4, 5). 2014 அக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அங்கே இறந்தவர்களைப் பற்றியும் யாரும் அப்படிப் பேச உரிமை இல்லை. மழையும், சரிவான நிலமும், எச்சரிக்கை வந்தும் போக வேறு வீடு இல்லாத வறுமையும் அங்கே சேர்ந்திருந்தன.

நம் செயலால் வரும் கஷ்டமும் உண்டு. குடித்துவிட்டு வேலையை விட்டவர் அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அதற்கு 51ஆம் சங்கீதம் இருக்கிறது. ஆனால் காரணம் தெரியாத கஷ்டத்துக்குக் காரணம் தேடிப் பழைய பாவங்களைக் கிண்டிக்கொண்டிருக்க வேண்டாம். எல்லாவற்றையும் இழந்து துன்பப்பட்ட யோபுவின் நண்பர்கள் அதைத்தான் பல அதிகாரங்களுக்குச் செய்தார்கள். முடிவில் தேவன், நீங்கள் என்னைப் பற்றி நிதானமாய்ப் பேசவில்லை என்று அவர்களைத்தான் கடிந்துகொண்டார். முறையிட்ட யோபுவை அல்ல.

வீட்டார் "சாமியை விட்டதால்" என்று சொன்னால் வாக்குவாதம் வேண்டாம். அவர்களும் பயத்தில்தான் பேசுகிறார்கள். "அம்மா, எனக்கும் ஏன் என்று தெரியவில்லை. நான் கடவுளிடம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்" என்று சொன்னால் போதும். அது உண்மையும்கூட. அம்மாவின் நம்பிக்கையை இழிவாகப் பேசி உங்கள் நம்பிக்கையை நிலைநிறுத்த முடியாது.

தனியாகச் சுமக்காதீர்கள்

பிடிபட்ட இரவில், கெத்செமனேயில் இயேசுவே மூன்று பேரைக் கூட வைத்துக்கொண்டு, "என்னோடே விழித்திருங்கள்" என்றார். உங்களுக்கு இரண்டு பேர் போதும். வாய் கட்டுப்பாடு உள்ளவர்களாகப் பாருங்கள். பாடலில், பிரசங்கத்தில் திறமை தேவையில்லை. பெண்ணுக்குப் பெண்ணும் ஆணுக்கு ஆணும் நல்லது. கேட்கும்போது தெளிவாகக் கேளுங்கள்: "அக்கா, புத்தி ஒன்னும் சொல்ல வேணாம். பத்து நிமிசம் கூட இருந்து கேளுங்க, பிறகு ஒரு ஜெபம் பண்ணுங்க." இப்படிச் சொல்லாவிட்டால் கேட்பவர் பதற்றத்தில் அறிவுரை சொல்லத் தொடங்கிவிடுவார்.

துக்கத்தில் இருப்பவரைப் பார்க்கப் போகிறவர்களுக்கு: யோபுவின் நண்பர்கள் சரியாகச் செய்தது முதல் ஏழு நாள், வாய் திறக்காமல் தரையில் கூட உட்கார்ந்திருந்ததுதான். வாய் திறந்த பிறகு எல்லாம் கெட்டது. போகும்போது அரிசி, பருப்பு, சீனி, தேயிலை என்று ஏதாவது கொண்டுபோங்கள். தண்ணீர் எடுத்து வையுங்கள், பிள்ளைகளைக் குளிப்பாட்டுங்கள். "எல்லாம் நன்மைக்கே" என்று ரோமர் 8:28ஐ முதல் நாளே எடுத்து வீசாதீர்கள். அந்த வசனம் சிருஷ்டி முழுவதும் தவித்துப் பிரசவவேதனைப்படுகிறது என்று பேசும் அதிகாரத்தில்தான் இருக்கிறது. அந்தத் தவிப்பைத் தாண்டித்தான் அதற்கு வர வேண்டும். கேட்டதை ஜெபக் குறிப்பு என்ற பெயரில் அடுத்த லயத்துக்குக் கொண்டுபோகவும் வேண்டாம்.

பல தோட்டங்களில் போதகரோ குருவானவரோ பல டிவிஷன்களைச் சுற்றி வருகிறார். வாரம் தோறும் வர முடிவதில்லை. யாக்கோபு 5:14 சபையின் மூப்பரை வரவழைக்கச் சொல்கிறது, வரும்வரை காத்திருக்கச் சொல்லவில்லை. ஆளனுப்புங்கள், போன் எடுங்கள்.

கூடவே செய்ய வேண்டியவை

மருந்தை நிறுத்த வேண்டாம். ஜெபித்த பிறகு சுகம் தெரிந்தாலும், நிறுத்துவதை வைத்தியரே சொல்லட்டும். பவுலோடு இருந்த லூக்காவே வைத்தியர் (கொலோசெயர் 4:14). அவசரத்துக்கு 1990 அம்பியூலன்ஸ் இலவசம்.

சாக வேண்டும் என்ற எண்ணம் வந்துகொண்டே இருந்தால், எலியாவுக்கு வந்ததுதான் உங்களுக்கும் வந்திருக்கிறது. அது வெட்கப்படும் விஷயம் அல்ல, ஆனால் தனியாக வைத்திருக்கும் விஷயமும் அல்ல. அன்றைக்கே ஒருவரிடம் சொல்லுங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் 1926க்கு அழையுங்கள். 1333 என்ற ஆலோசனை இலக்கத்துக்கும் அழைக்கலாம். வீட்டிலுள்ள கிருமிநாசினி மருந்துப் போத்தல்களை வேறு வீட்டில் வைக்கச் சொல்லுங்கள். புருஷன் அடித்தால் பொறுமையாக இருப்பதுதான் சிலுவை என்று யாராவது சொன்னால் அது வேதம் அல்ல. பாதுகாப்பான வீட்டுக்குப் போய்விட்டு ஜெபியுங்கள். பெண்களுக்கு 1938, பிள்ளைகளுக்கு 1929.

மழைக்காலத்தில் நிலத்தில் புதிய வெடிப்பு, இறுகிப்போன கதவு, சாய்ந்த மரம், திடீரென்று கலங்கி வரும் அல்லது நின்றுபோகும் ஊற்று ஆகியவற்றைப் பார்த்தால் வெளியேறுங்கள். சிவப்பு எச்சரிக்கை என்றால் உடனே வெளியேற வேண்டும் என்று அர்த்தம். 117 அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம். வெடித்த லயத்துக்குள் "கர்த்தர் காப்பார்" என்று படுத்திருப்பதை விசுவாசம் என்று சொல்ல முடியாது. தேவாலய உப்பரிகையிலிருந்து குதிக்கச் சொன்ன பிசாசுக்கு இயேசு சொன்ன பதில்: தேவனைப் பரீட்சை பாராதே.

கடனுக்கு, யாருக்கு எவ்வளவு, எந்த நாள் என்று கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதுங்கள். ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் எடுப்பதை நிறுத்துவதுதான் முதல் படி. வீட்டாருக்குத் தெரியாத கடன் இருந்தால் சொல்லிவிடுங்கள். மறைத்த கடன்தான் ஜெபத்தை அதிகமாக அடைக்கிறது.

சம்பளத்தில் அநியாயம் நடந்தால் தொழிற்சங்கத்திடமும் தொழில் திணைக்களத்திடமும் போவது அவிசுவாசம் அல்ல. பிடித்துவைத்த கூலி தேவனுடைய காதுகளில் கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு 5:4 சொல்கிறது. தேவன் கேட்கிற கூக்குரலை நாம் ஏன் வாய்க்குள் வைத்திருக்க வேண்டும்?

சபையாகவும் முறையிடுங்கள்

44, 74, 80ஆம் சங்கீதங்கள் ஒரு ஆளின் ஜெபம் அல்ல, ஒரு ஜனத்தின் ஜெபம். "ஆண்டவரே, விழித்துக்கொள்ளும், ஏன் நித்திரைபண்ணுகிறீர்" என்று 44:23 துணிந்து கேட்கிறது. எருசலேம் இடிந்ததைப் புலம்பல் என்ற புத்தகம் ஐந்து அதிகாரத்துக்கு அழுகிறது. 1948இல் குடியுரிமை போனது, 1964இல் இலங்கையும் இந்தியாவும் செய்த ஒப்பந்தத்தால் ஒரே குடும்பம் இரண்டு கரையில் பிரிந்தது, மண்சரிவுகளில் போன உயிர்கள் என்று அழ வேண்டியது நம் மக்களுக்கும் நிறைய இருக்கிறது. ஆனால் பல சபைகளில் ஆராதனை முழுவதும் துதிப் பாடல்தான். மாதத்தில் ஒரு ஆராதனையில் பத்து நிமிடம் இதற்கு ஒதுக்கக் கேளுங்கள்: ஒருவர் சங்கீதத்தை வாசிக்க, ஒவ்வொரு பகுதிக்கும் சபை "கர்த்தாவே, இரங்கும்" என்று சொல்ல, நடுவில் விரும்பியவர் ஒரு வரி முறைப்பாட்டைச் சொல்லலாம். மீரியபெத்தை நினைவு நாளான அக்டோபர் 29ஐ ஒட்டிய ஞாயிறு அதற்குப் பொருத்தமானது.

பதில் "இல்லை" என்று வந்தால்

பவுல் தன் மாம்சத்தில் இருந்த முள்ளை எடுக்கும்படி மூன்று தரம் கேட்டார். முள் போகவில்லை, "என் கிருபை உனக்குப் போதும்" என்ற சொல்தான் வந்தது (2 கொரிந்தியர் 12:8, 9). கெத்செமனேயில், நீங்கும்படி இயேசு கேட்ட துன்பப் பாத்திரமும் நீங்கவில்லை. நெருப்புச் சூளையின் முன் நின்ற மூன்று வாலிபரும் ராஜாவிடம், எங்கள் தேவன் தப்புவிக்க வல்லவர், விடுவிக்காமற்போனாலும் உம்முடைய சிலையை வணங்கமாட்டோம் என்றார்கள் (தானியேல் 3:17, 18). அந்த "விடுவிக்காமற்போனாலும்" ஒரே நாளில் வாயில் வராது. அவசரப்பட்டுச் சொல்லவும் வேண்டாம்.

மாதக் கடைசியில், சம்பள நாளுக்கு மறுநாள் என்று வைத்துக்கொள்ளலாம், கொப்பியைத் திறந்து அந்த மாதத்து முறைப்பாடுகளை வாசியுங்கள். பக்கத்தில் மூன்று குறியில் ஒன்றைப் போடுங்கள்: கிடைத்தது, கிடைக்கவில்லை, வேறு விதமாக வந்தது. கிடைக்காததை அடித்துவிட வேண்டாம், அடுத்த மாதத்துக்குத் திருப்பி எழுதுங்கள். கிடைத்ததை இரண்டு பேரிடம் சொல்லுங்கள். ஆறு மாதத்துக்குப் பிறகு, நம்பிக்கை வரிக்கு வேண்டிய சொல்லை இந்தக் குறிகளே தரும்.

வாசிக்கத் தெரியாதவர்கள் இதையெல்லாம் விட்டுவிட வேண்டியதில்லை. பள்ளிக்கூடம் போகும் பிள்ளையை 13ஆம் சங்கீதத்தை வரி வரியாக வாசிக்கச் சொல்லி, நீங்கள் திருப்பிச் சொல்லுங்கள். நாளைக்கு ஒரு வசனம் என்றால் ஆறு நாளில் முடியும். போனில் வேதாகமத்தை ஒலிவடிவில் இறக்கி வைத்துக்கொண்டால் சிக்னல் இல்லாத இடத்திலும் கேட்கலாம். கொப்பிக்குப் பதிலாகக் கல்லோ புளியங்கொட்டையோ வையுங்கள்: ஒரு முறைப்பாட்டுக்கு ஒன்று ஒரு டப்பாவில், பதில் வந்ததும் எடுத்து அடுத்த டப்பாவில்.